மைத்துனிக்குப் போட்ட வருஷத் திட்டம்

என் மனைவியின் தங்கை பரீட்சையில் தோற்றதற்குக் காரணம் நான். தோற்ற பிறகு, பிழை அவளுடையதுதான் என்று அவளுடைய வாப்பாவிடம் சொன்னவனும் நான். திரைச்சீலைக்குப் பின்னால் அவள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். இப்போது எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இதைக் கேட்டு என்மேல் கோபப்பட வேண்டியவர்களில் அநேகர் உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதத் துணிவு வந்ததோ என்று நினைத்தால், அதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். நானும் ஒரு றங்குப்பெட்டியோடும் என் புத்தகங்களோடும் கல்முனையில் மாமாவின் வீட்டுக்குப் போனேன். மாமா போடியார், பெரிய வயற்காரர். நாவிதன்வெளிப் பக்கத்தில் அவருக்கு வயல் இருந்தது. ஆண்பிள்ளை இல்லை. இரண்டு பெண்கள், மூத்தவள் என் மனைவி. நான் மட்டக்களப்பில் மிஷன் கல்லூரி ஒன்றில் விடுதியில் தங்கிப் படித்தவன். கல்முனையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இங்கிலீசு தெரிந்த ஆண் நான் ஒருவன்தான். அந்த நினைப்பு எனக்கு எப்போதும் இருந்தது.

மைத்துனியைக் கன்னியாஸ்திரிகளின் பெண்பள்ளியில் படிக்க வைத்திருந்தார்கள். பெரியபிள்ளையானதும் வழக்கப்படி நிறுத்திவிட்டார்கள். நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவள் படிப்பை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. கடையில் சீனி சுற்றிக்கொடுக்கும் இங்கிலீசுப் பேப்பரையும் விரித்து வைத்து வாசிப்பாளாம். இது என் மனைவி சொன்னது. நான் பார்த்ததில்லை. மைத்துனியோடு முகம் பார்த்திருந்து கதைக்கிற வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை.

அந்த வருஷம் முஸ்லிம் பெண்பள்ளியின் முகாமையாளர் மாமாவைக் கண்டு ஒரு விஷயம் சொன்னார். இங்கிலீசு படிப்பிக்க ஒரு முஸ்லிம் பெண் கிடைத்தால் ஊரார் வயதுக்கு வந்த தங்கள் குமருகளை நிறுத்தாமல் அனுப்புவார்கள். மைத்துனி எஸ்.எஸ்.சி. பரீட்சையில் இங்கிலீசு மொழி, இங்கிலீசு இலக்கியம் என்ற இரண்டு தாளிலும் தேறினால் வேலை அவளுக்குத்தான். மாமா ஒரு கிழமை யோசித்தார். பிறகு விறாந்தையில் இருந்தபடி, உள்ளே கேட்கும்படியாகச் சொன்னார்.

"ஒரு வருஷம் தாறன் புள்ள. மருமகன் படிப்பிப்பார். பாஸ் பண்ணினா ஸ்கூலுக்குப் போ. இல்லாட்டி மாப்புள பாக்கிறதுதான். பொறகு அழுதுகொண்டு வாற கதை இரிக்கக்கூடா."

"ஓம் வாப்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் வருஷத் திட்டம் போட உட்கார்ந்தேன். என் பெட்டியில் நான் படித்த புத்தகங்கள் மூன்று இருந்தன: ஒரு நாடகம், ஒரு நாவல், ஒரு பாட்டுத் தொகுப்பு. மூன்றிலும் பக்க ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்புகள். என் ஆசிரியர் ஒருமுறை அந்தக் குறிப்புகளை வகுப்பில் உயர்த்திக் காட்டியிருக்கிறார். அந்த மூன்றையும் மீண்டும் ஒருவருக்குப் படிப்பிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அந்த வருஷப் பரீட்சைக்கு எந்தப் புத்தகங்கள் என்று விசாரிக்கவில்லை. எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சுற்றறிக்கை வருவதில்லை. கல்முனையில் பெரிய பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டிருக்கலாம். அங்கே இங்கிலீசு படிப்பித்தவன் என்னோடு ஒரே விடுதியில் இருந்தவன். பெரியநீலாவணைக்காரன். படிக்கிற காலத்தில் அவன் எனக்கு ஒருபடி மேலே நின்றான். அவனிடம் போய்க் கேட்க எனக்கு மனமில்லை.

தடித்த வெள்ளைத்தாள் ஒன்றில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் கீறினேன். தை மாசி மழை ஓயும்வரை பாட்டு. பிறகு வெள்ளாமை வெட்டு. மாமாவும் மாமியும் வயல் வட்டையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கியிருக்கும் நாட்களில் வீடு அமைதியாக இருக்கும், அப்போது நாவல். நோன்பு மாதத்தில் நீண்ட வாசிப்பு இல்லை, சிறு கட்டுரைகள் மட்டும். பெருநாளுக்குப் பிறகு நாடகம். கடைசி இரண்டு மாதமும் மீட்டல். கிழமைக்கொரு கட்டுரை. தலைப்புகளைச் சிவப்பு மையால் எழுதினேன். என் கையெழுத்து அந்தக் காலத்தில் அழகானது.

மாமா அந்தத் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அதில் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனால் கட்டங்கள் தெரிந்தன. வட்டையில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் விவசாயிகள் கூட்டம் கூடுவார்கள். வாய்க்கால் எப்போது திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பது, எப்போது மாடுகளை வெளியேற்றுவது என்று கைதூக்கி முடிவெடுப்பார்கள். முடிவானால் அது முடிவுதான். தன்னிஷ்டத்துக்கு நாள் மாற்றுகிறவனுக்குத் தண்டம் உண்டு. மாமா அந்தக் கூட்டங்களில் பெரிய ஆள். என் தாளையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சொந்தக்காரர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். தொழுகை நேரம் போட்ட கலண்டருக்குப் பக்கத்தில் தாளை ஆணி அடித்து மாட்டினார்.

"விதைப்பு எப்ப, வெட்டு எப்ப எண்டு எல்லாம் இதில இரிக்கி. எங்கட மருமகன் போட்டது. எல்லாருக்கும் முன்னால சொல்றன், இனி நடுவால மாத்தம் இல்ல."

மாமாவின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரைக் காக்கா என்போம். எதிலும் ஒரு பகிடி விடாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"எல்லாம் சரி போடியார், தண்ணி எப்ப தொறக்கிற?"

"தண்ணியா? அது அவட தலைக்குள்ள தொறக்கணும் காக்கா."

"அப்ப மருமகன்தான் வட்ட விதானையார்" என்றார் காக்கா. வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர்தான் வட்ட விதானையார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பெண்களும் சிரித்தது கேட்டது.

பாடம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கும். மண்டபத்துக்கும் அறைக்கும் நடுவில் நீலப் பூப்போட்ட திரைச்சீலை. நான் மண்டபத்தில் கதிரையில் இருப்பேன். அவள் அறைக்குள் பாயில் இருப்பாள். வாசற்படியில், இரண்டு பக்கமும் தெரியும்படி, என் மனைவி சுளகோடு இருந்து அரிசி கொழிப்பாள். கொப்பியும் புத்தகமும் அவள் கையால்தான் போய்வரும். பக்கத்து வளவில் தறி ஓடிக்கொண்டிருக்கும். நான் குரலை உயர்த்தி வாசிப்பேன். பிறகு திரைக்கு அப்பால் அவள் வாசிப்பாள். முகம் தெரியாததால் அவளுடைய குரலைக் கவனிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. விளங்காத இடத்தில் மெதுவாகும். விளங்கிய இடத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடும். நாடகம் தொடங்கியபோது அவள் அதை வாசிக்கவில்லை, கதைத்தாள். ஒரு நாள் என் மனைவி கையில் அரிசியோடு அப்படியே இருந்துவிட்டாள். ஒரு சொல்லும் விளங்காமலே, "பாவம் கா அவன், யாரவன்?" என்று தங்கையைக் கேட்டாள்.

கட்டுரைத் தலைப்புகளும் என் கல்லூரிக் காலத்தவைதான். புகையிரதப் பயணம், குளிர்கால மாலை, கடற்கரையில் ஒரு நாள். அவள் புகையிரதத்தைக் கண்டதேயில்லை. கேட்டுக் கேட்டு எழுதினாள். கடற்கரைக் கட்டுரை வந்தபோது அவளுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அவள் எழுதியது இதுதான், என் நினைவிலிருந்து சொல்கிறேன்: நான் கடலைக் கண்டு நாலு வருஷம். அதன் உப்பு எங்கள் ஜன்னல் கம்பிகளைத் தின்கிறது. கரைவலை இழுக்கிறவர்கள் ஏலேலம் போடுவது கேட்கிறது. பின்னேரம் பக்கத்து அடுப்படிகளின் மணத்தை வைத்து இன்றைக்கு என்ன மீன் பட்டது என்று சொல்வேன். கடல் முன்னைவிடக் கிட்ட வந்துவிட்டதாகப் பால்கொண்டு வரும் மனுசி சொன்னாள். உண்மையா என்று எனக்குத் தெரியாது.

நான் பாடமாக்கி வைத்திருந்த மாதிரிக் கட்டுரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவார்கள், குளிப்பார்கள், வெயில் சாய வீடு திரும்புவார்கள். இதில் அப்படி ஒன்றும் இல்லை. அடியில் சிவப்பு மையால், தலைப்பை விட்டு விலகிவிட்டது என்று எழுதிக் குறைந்த புள்ளி போட்டேன்.

ஜூலை மாதம் ஒரு நாள் கல்முனை பஸ் நிற்கும் இடத்துத் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பெரியநீலாவணைக்காரனைச் சந்தித்தேன்.

"என்ன போடியார் மருமகன், மச்சினிச்சியச் சோதினைக்கு விடுறியாமே? ஊரெல்லாம் கதை" என்றான்.

"ஓம், டிசம்பருக்கு."

"என்னென்ன புத்தகம் படிப்பிக்கிறாய்?"

சொன்னேன். அவன் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தான்.

"டேய், அது நாம படிச்ச காலத்துச் சாமான். ரெண்டு வருஷமா அது இல்ல. நாடகமும் மாறி நாவலும் மாறி. பாட்டுப் புத்தகம் மட்டும்தான் பழசு. சுற்றறிக்கை எங்கட ஒபிசில கிடக்கு. வந்து பாரன்."

என் வாய் முந்திக்கொண்டது.

"தெரியும், தெரியும். அத்திவாரத்துக்குத்தான் பழசப் படிப்பிக்கிறன். பொறகு புதுசு."

அவன் கிளாசைத் திரும்ப எடுத்தான். "அப்ப சரி" என்றான்.

டிசம்பருக்கு இன்னும் காலம் இருந்தது. கொழும்புக்கு எழுதினால் புத்தகங்கள் தபாலில் வரும். அவளுடைய கெட்டித்தனத்துக்கு அந்தக் காலம் போதும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தேன். அதைக் கழற்ற வேண்டும். மாமாவிடம் சொல்ல வேண்டும். மாமா காக்காவிடம் சொல்வார். வட்ட விதானையாருக்கே வாய்க்கால் எது என்று தெரியாது என்று காக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிவார். நடுவால மாத்தம் இல்ல என்று மாமாவே சொல்லியிருக்கிறாரே, நான் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டுக் கேள்விகளில் கிடைக்கும் புள்ளி போதும் என்றும் சொல்லிக்கொண்டேன். அவன் பொறாமையில் சொல்லியிருப்பான் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். சுற்றறிக்கையைப் பார்க்க நான் போகவில்லை.

பாடம் தொடர்ந்து நடந்தது. அவள் நாடகத்தைப் பாடமாக்கத் தொடங்கியிருந்தாள். அடுப்படியில் தேங்காய் துருவும்போதும் அந்த வசனங்கள் கேட்கும்.

ஒரு நாள் பாடம் முடிந்ததும் மனைவி கேட்டாள். "என்ன, ரெண்டு மூணு நாளா ஒங்கட சத்தம் வேற மாதிரி இரிக்கி? இங்கிலீசு எனக்கு வெளங்கா. ஆனா முந்தி வாசிச்ச மாதிரி இல்ல."

"தொண்ட சரியில்ல" என்றேன்.

அவள் மல்லித்தண்ணி அவித்துக்கொண்டு வந்து தந்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.

பரீட்சை மாரிக்குள் வந்தது. மாமா வாடகைக் கார் ஒன்று பிடித்து, கண்ணாடிகளுக்கு வேட்டித்துணி கட்டி, மகளைக் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். இலக்கியத் தாள் நடந்த அன்று கொட்டும் மழை. மாமா பரீட்சை முடியும்வரை காருக்குள்ளேயே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தாராம். அவள் திரும்பி வந்து நேராக அறைக்குள் போனாள். அன்றைக்கு அவள் குரல் வீட்டில் கேட்கவில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு பழக்கதோஷத்தில் நான் அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன். திரைக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள். துணியின் கீழே கால்விரல்கள் தெரிந்தன.

"மச்சான்."

"ஓம்."

"நாடகத்தில ஒரு கேள்வியும் நான் படிச்சது இல்ல. நாவலும் வேற. பேப்பர மாறித் தந்திட்டாங்களெண்டு சிஸ்டரக் கூப்பிட்டன். எல்லாருக்கும் அதுதான் எண்டாங்க. பக்கத்துப் புள்ளயள் சிரிச்சிச்சி. ரெண்டு வருஷமா இதுதானாமே?"

நான் திட்டத்தாள் தொங்கிய சுவரைப் பார்த்தேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா மச்சான்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? எங்கட ஸ்கூலுக்கு ஒண்டும் வாறல்லயே."

"பாட்டுக்கு மட்டும் எழுதினன்" என்றாள். கால்விரல்கள் மறைந்தன.

வெள்ளாமை வெட்டி முடியும் காலத்தில் பெறுபேறு வந்தது. மொழித் தாளில் நல்ல சித்தி. இலக்கியத்தில் சித்தியில்லை. மாமா வட்டையிலிருந்து வந்திருந்தார். தலையில் வைக்கோல் தூசு போகவில்லை. விறாந்தையில் காக்காவும் வேறு இரண்டு மூன்று சொந்தக்காரரும் இருந்தார்கள்.

"என்ன மருமகன், வெட்டப் போனா வயல்ல ஒண்டும் இல்லையே" என்றார் மாமா. கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குப் பிழை என்னுடையது என்று சொல்ல அவ்வளவு நல்ல இடம் வேறு கிடைத்திருக்காது.

நான் சொன்னேன்: "படிப்பிக்க வேண்டியதெல்லாம் படிப்பிச்சன் மாமா. சோதினை எண்டா ஒரு நிதானம் வேணும். அவ பயந்திட்டா. கேள்விய வெளங்காம எழுதியிரிக்கா."

மாமா திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "அப்பிடியா புள்ள?"

அவள் ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஓம் வாப்பா" என்றாள்.

காக்கா துடையில் தட்டினார். "பாத்தியளா, தண்ணி தொறந்தும் மண்டைக்கு ஏறல்ல!"

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. கடைத்தெருவில் பிடவைக்கடை வைத்திருந்த ஒருவரை மாப்பிள்ளையாகப் பேசினார்கள். நல்ல மனிதர்தான். வளவின் மறுபாதியில் அவளுக்கு வீடு எழும்பத் தொடங்கியது. என்னால் சாப்பிட முடியவில்லை. மனைவியிடம் ஜூலையில் நடந்ததைச் சொன்னேன்.

அவள் அதிசயப்படவில்லை. "தொண்ட சரியில்ல எண்ட அண்டைக்கே நெனச்சன், என்னவோ இரிக்கி எண்டு" என்றாள். "எனக்கிட்டச் சொல்லி என்ன? வாப்பாக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

வட்டைக்குப் போனேன். மாமா வாடியின் நிழலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தெரிஞ்ச நேரமே மாத்தியிரிக்கலாமே?"

"நடுவால மாத்தம் இல்ல எண்டு நீங்கதானே மாமா எல்லாருக்கும் முன்னால..."

"வாய்க்கால் ஒடச்சா கூட்டத்தத் திரும்பக் கூட்டுவமே, மருமகன். எத்தினயோ தரம் கூட்டியிரிக்கம். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "மாப்புள வீட்ட சொல்லுக் குடுத்தாச்சி. இப்ப இன்னொரு வருஷம் எண்டு நான் யாருக்கிட்டப் போய் நிக்கிற? இத இங்கயே விட்டிட்டுப் போங்க. அவளுக்கும் சொல்ல வேணாம். ஒரே வளவுக்குள்ள ரெண்டு குடும்பமும் இரிக்கணும்."

வரம்பு வழியாகத் திரும்பி நடந்தபோது உடம்பு லேசாக இருந்தது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, அவரே மூடச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியவள் யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று சொன்ன பொய்யைவிட, அந்த வரம்பில் நான் உணர்ந்த லேசுதான் இன்றைக்கு என்னை அதிகம் கூச வைக்கிறது.

கலியாணத்துக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது திட்டத்தாளைக் கழற்றினார்கள். மனைவி அதைக் கவிழ்த்து அலுமாரித் தட்டில் விரித்துவிட்டாள்.

சில வருஷங்கள் போயின. ஐம்பதுகள் முடியும் தறுவாயில் மாமா மவுத்தானார். நாற்பதாம் நாள் கத்தத்துக்குச் சொந்தக்காரர் எல்லாரும் அதே விறாந்தையில் கூடியிருந்தோம். ஓதி முடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மாமாவின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காக்காவுக்கு வயது போயிருந்தது. பகிடி போகவில்லை.

"அவர் தொட்ட வெள்ளாமை ஒண்டும் பொய்த்ததில்ல. ஒண்டே ஒண்டுதான் நட்டம். சின்ன மகளுக்கு இங்கிலீசு விதைச்சாரே, அது. என்ன தண்ணி உட்டும் மொளைக்கல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனியின் மூத்த மகள், சின்னப் பிள்ளை, வாசலில் நின்று எதற்கென்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தது. உள்ளே மைத்துனி சஹன் தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நின்றபடி சொன்னேன். பரீட்சைக்குப் புத்தகங்கள் மாறியிருந்தன, நான் விசாரிக்கவில்லை, ஜூலையில் பெரிய பள்ளிக்கூடத்து மாஸ்டர் சொல்லியும் மறைத்தேன், பிறகு இதே இடத்தில் பழியை அவள்மேல் போட்டேன். விதை பிழை, விதைத்தவன் நான், நிலத்தில் குறையில்லை என்றேன்.

மைத்துனியின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் காக்கா, "கத்தத்து வீட்டில இப்ப என்னத்துக்கு மருமகன் இந்தக் கதை?" என்றார். ஆனால் மறுபடி அந்தப் பகிடியை அவர் சொன்னதில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதே வாசலில் அதே திரை; துணி மட்டும் புதிது. என் மனைவி வாசற்படியில் இருந்தாள்.

"ஜூலையிலயே தெரியுமா மச்சான்?"

"ஓம்."

"அப்ப நான் நாடகத்தப் பாடமாக்கி ஒப்பிக்கக்குள்ள..."

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தன்."

பிறகு சொன்னாள்: "நீங்க விசாரிக்காம விட்டிட்டீங்க எண்டுதான் இவ்வளவு காலமும் நெனச்சன். மனுசருக்கு மறதி வாறதுதானே எண்டு. அண்டைக்கு வாப்பா கேட்டதுக்கு ஓம் எண்டது ராத்தாக்காக. ராத்தாட மாப்புளய அத்தின பேருக்கும் முன்னால பொய்யன் எண்டு சொல்ல ஏலுமா?"

வாசற்படியில் இருந்த அவளுடைய ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இப்பவும் எழுதலாம்" என்றேன். "புதுப் புத்தகம் எடுப்பிக்கிறன். புதுசா ஒரு திட்டம் போட்டு..."

"ஒங்கட திட்டம் வேணாம் மச்சான்."

"கடல் கட்டுரையையாவது தாங்க. நான் எழுதினத வெட்டி, சரியான புள்ளி போட்டுத் தாறன்."

"நீங்க வெட்டினாத்தான் அது நல்லமா? அது நல்லம் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

நான் எழும்பப் போனேன். அவள் மறித்தாள்.

"ஒரு வேல இரிக்கி, செய்யிறீங்களா? பெரிய ஸ்கூலுக்குப் போங்க. அந்த மாஸ்டருக்கிட்டயே கேளுங்க. வாற வருஷத்துக்கு எந்தெந்தப் புத்தகம் எண்டு சுற்றறிக்கையப் பாத்து எழுதிக்கொண்டு வாங்க. இந்த வளவச் சுத்தி எத்தின குமரு படிப்ப நிப்பாட்டிப்போட்டு இரிக்கிதுகள். நான் படிப்பிக்கப் போறன். வருஷத்த நானே பிரிச்சுக்கொள்றன்."

அடுத்த நாள் சைக்கிளில் போனேன். அவன் தன் வகுப்பு வாசலில் நின்றான். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரிக்காமல் கேட்டான்:

"அத்திவாரம் போட்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சு" என்றேன். அவன் ஒபிசுக்குள் கூட்டிப் போய்ச் சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்தான். நான் நின்றபடியே எழுதினேன்.

அவளுடைய வீட்டில் பின்னேரங்களில் நாலைந்து பெண்பிள்ளைகள் கூடத் தொடங்கினார்கள். தலைப்புகள் அவளுடையவை. ஜன்னலால் காதில் விழுந்தவற்றில் ஒன்று, பூட்டியிருக்கும் பள்ளிக்கூடம் என்பது. அவர்களில் சிலர் பரீட்சை எழுதினார்கள், சிலர் தோற்றார்கள். ஒருத்தி இரண்டு தாளிலும் தேறி, முஸ்லிம் பெண்பள்ளிக்கு இங்கிலீசு படிப்பிக்கப் போனாள். அந்தப் பெண் எங்கள் வாசலைக் கடந்து போகும் காலைகளில் நான் விறாந்தையில் இருக்கமாட்டேன். மைத்துனி பரீட்சை எழுதவேயில்லை. அதன் பிறகு என் காதுபட இங்கிலீசில் ஒரு வரியும் அவள் வாசித்ததில்லை. நான் வளவுக்குள் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் வாசிப்பு நிற்கும்.

புத்தகப் பட்டியல் மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு வருஷமும் அவள் கேட்டனுப்புவாள். நான் போய் எழுதிக்கொண்டு வருவேன். உள்ளே ஒரு பெண்பிள்ளை அதை உரத்து வாசிக்கும். முழுவதும் கேட்டு முடித்த பிறகுதான் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வரும்.

"சரி மச்சான். வெச்சிட்டுப் போங்க."